கானாடுகாத்தான் பெரிய வீடு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு மூன்றிலும் எடுத்துக்கொண்ட வேலை நல்லபடியாக முடிந்தது. நல்ல நாள் பார்த்துப் பாலும் காய்ச்சியாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கு, பில் நகல்களோடு ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனியே வருகிறது. எதை ஏன் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கூரை. இந்த மாதிரி வீடுகளுக்கு நோவு ஆரம்பிப்பது வளவின் நாலு மூலைக் கூடுவாயில்தான். இரண்டு பக்கச் சரிவின் மழையும் அங்கே சேர்ந்து இறங்குகிறது. தகடு இற்றுப்போனால் தண்ணீர் நேரே மரத்துக்குப் போய்விடும். வடகிழக்கு மூலையில் ஓட்டைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு கைமரத்தின் தலைப்பு விரலால் அழுத்தியதும் பொடியாக உதிர்ந்தது. அதே கைமரத்தில் நாலு அடி தள்ளி ஆசாரி இழைப்புளி போட்டதும் புதுத் தேக்குப் போல வாசனை வந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நம் பெரியவர்கள் கப்பலில் இறக்கிய பர்மாத் தேக்கு அது. முழு மரத்தையும் மாற்ற மனம் வரவில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு இணைத்திருக்கிறோம்.

அந்தப் பழைய தேக்கை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கினோம். எங்கோ ஒரு வீட்டை இடித்து வந்த மரம் என்று தெரிந்துதான் வாங்கினோம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு ஊருக்கு அலங்காரப் பொருளாகப் போவதைவிட, இன்னொரு செட்டிநாட்டு வீட்டின் கூரையைத் தாங்கட்டும் என்று முடிவு செய்தோம்.

அதிகக் காலமும் பணமும் பிடித்தது சுவர் வேலை. முன்பு ஒரு பழுதுபார்ப்பில் வளவுச் சுவர்களின் அடிப்பகுதியில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே மேலேறி, சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே உப்பாகப் பூத்து, நல்ல பூச்சையும் உரித்துத் தள்ளிவிடும். நம் வீட்டில் இடுப்புயரத்துக்குமேல் வந்த வெள்ளைப் படலம் அதுதான். அத்தனை சிமெண்டையும் கொத்தி எடுத்து, கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிட்டோம். "வேலை ஏன் நின்றுகிடக்கிறது?" என்று பலர் போன் செய்து கேட்டது அந்தச் சமயத்தில்தான். வேலை நிற்கவில்லை, சுவர் உலர்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் பழைய முறைப்படி பூச்சு. ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அடிப்பூச்சு. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட நைசாக இருக்க வேண்டும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, ஈரம் இழுப்பதற்குள் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கைவிடாமல் தேய்க்க வேண்டும்; இடையில் நிறுத்தினால் அந்த இடம் தழும்பாகத் தெரியும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. இரண்டு இளைஞர்களைக் கூடவே வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம், அப்படியே நடந்தது. குழுவுக்கு மிகவும் நிறைவளித்த விஷயம் இது.

முகப்பில் உடைந்திருந்த தரைக்கற்களுக்கு ஆத்தங்குடியில் புதிதாக வார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல், சூளையே கிடையாது. புதுக்கல்லின் சிவப்பு பழையதைவிடச் சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது. நடக்க நடக்கச் சரியாகிவிடும்.

வளவு முழுக்க கிரானைட் போடலாம், அறைகளுக்கு உள்ளேயே குளியலறை வைக்கலாம் என்றும் சில பங்காளிகள் கேட்டார்கள். வயதானவர்களின் வசதிக்காக இரண்டாம் கட்டின் ஓர அறையில் இரண்டு குளியலறைகள் கட்டியிருக்கிறோம். வளவில் கைவைக்கவில்லை. அங்கே இரட்டை அறைகள் புள்ளிக்கு ஒன்று என்று ஒரே அளவில் இருப்பதால்தான் இது எல்லாருக்கும் பொதுவான வீடு. அந்த அமைப்பைக் குலைக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்பது எங்கள் கருத்து.

வளவுத் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலையும் தோண்டித் திறந்தோம். கூரை மழை வளவில் விழுந்து, தெரு வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும்படிதான் ஊரையே வகுத்திருக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது, தனித்தனி மாளிகைகளாக இல்லாமல் ஊர்த் தொகுதிகளாகவே சேர்ந்தன. பட்டியலில் இருப்பது பெருமைதான், ஆனால் ஓடு மாற்ற அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை.

புள்ளி வரி எல்லாருக்கும் சமமாகவே போட்டோம். வரி இல்லாதபோதும் பிறந்த வீட்டுக்காகத் தாமாகவே பணம் அனுப்பிய நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது.

மூன்றாம் கட்டு இன்னும் பாக்கி. அடுப்படிக் கூரையை இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம், அதிக நாள் தாங்காது. அதற்கான மதிப்பீட்டை அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம். இனி ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் கூடுவாய்த் தகடுகளைப் பார்த்துச் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த முறையை ஆண்டுக்கு ஒரு புள்ளி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். பூச்சு வேலைக்காக அறைகளிலிருந்து எடுத்த சாமான்கள் பெயரெழுதி இரண்டாம் கட்டில் அடுக்கியிருக்கின்றன. படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) முன்னால் அவரவர் வந்து சரிபார்த்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு