அப்பாவின் கால் புண்ணைப் பற்றி

கோத்தகிரி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஆஸ்பத்திரிப் பட்டியலை முழுசாகப் படித்தேன். ஃபோனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், எதையும் விவரமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

சென்னைக்குக் கூட்டிப் போங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் கோயம்புத்தூரிலேயே பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். காரணத்தைச் சொன்னால் நீயும் ஒத்துக்கொள்வாய்.

முதலில் இது என்ன நோய் என்று தெரிந்துகொள், தோல் புற்றுநோயில் ஒரு வகை. அப்பாவின் இடது காலில், முட்டிக்குக் கீழே, அந்தப் பழைய தீக்காயத் தழும்பு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பிறப்பதற்கு முன்பு, ஃபேக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளும்போது பட்டது. ஆறி, சுருங்கி, வெள்ளையும் கருப்புமாக அப்படியே கிடந்தது. போன தீபாவளி வாக்கில் அதன் நடுவில் சின்னதாக ஒரு வெடிப்பு. குளிருக்குத் தோல் வெடிப்பதுதானே என்று அவர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குள் அது புண்ணாகிவிட்டது. ஓரம் மட்டும் தடித்து, வெளிப்பக்கமாக மடிந்து, காலிஃபிளவர் பூ மாதிரி சொரசொரவென்று எழும்பி நின்றது. பஞ்சை வைத்து ஒற்றினாலே ரத்தம் வரும். ஒரு வாடையும் இருந்தது. நான் கட்டு மாற்றும்போது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், வலிக்கிறதா என்று கேட்டால் பதில் வராது.

சர்க்கரைப் புண் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரையே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்புகள் எதற்கும் அது அசையவில்லை. அப்புறம் ஊட்டியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அவர் புண்ணைப் பார்த்ததைவிட அதிக நேரம் தொடை இடுக்கை அழுத்தி, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். தீக்காயம் பட்டு எத்தனை வருஷம் என்று கேட்டார். அன்றைக்கே பயாப்சி எழுதினார், அதாவது புண்ணிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது.

பழைய தீக்காயத் தழும்பிலும், வருஷக்கணக்கில் ஆறாத புண்ணிலும் இப்படிப் புற்றுநோய் வருவது உண்டாம். முப்பது வருஷம் கழித்துக்கூட வரும் என்றார். 1828ல் மர்ஜோலின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் தழும்பில் வரும் புண்ணைப் பற்றி எழுதியதால் மர்ஜோலின் புண் என்று பெயர். தோட்டத்து வெயிலால் வந்ததா என்று கேட்டாயே, அப்பாவுக்கு அது காரணம் இல்லை. உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்கிறார்கள். மலை குளிராக இருந்தாலும் வெயில் காட்டமானதுதான். ஆனால் நம் நிறத்துக்குக் காரணமான மெலனின் ஓரளவு காப்பாற்றுகிறது. நம் ஊர்க்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவு என்பதே ஒருவிதத்தில் ஆபத்து, யாருக்கும் அந்தச் சந்தேகமே வருவதில்லை.

பயாப்சி பற்றி உன் அத்தை ஒரு பெரிய கலவரமே செய்துவிட்டாள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று அழுதாள். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். பயாப்சியால் இந்த நோய் பரவாது, எடுக்காமல் நாள் கடத்தினால்தான் பரவும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் வேறு வேறு இடத்தில் துணுக்குகள் எடுத்தார்கள். ஒரே இடத்தில் எடுத்தால் நோய் உள்ள இடம் தப்பிப்போகலாமாம். இந்த நோய் ஒட்டிக்கொள்ளாது என்பதையும் அத்தைக்குச் சொல்லிவிட்டேன்.

ரிசல்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்திருக்கிறது. தோலில் வரும் புற்றுநோயில் முக்கியமானவை மூன்று. பேசல் செல் என்பது மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் போவது மிக அரிது. மெலனோமா மோசமானது, சீக்கிரம் பரவும். நம்மைப் போன்றவர்களுக்கு அது வந்தால் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்துக்கு அடியிலோதான் பெரும்பாலும் வரும். நீயும் குளிக்கும்போது உன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள், புதிதாகக் கருப்பாக ஏதாவது வளர்ந்தால் விட்டுவிடாதே. அப்பாவுக்கு வந்திருப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளது. வெட்டி எடுத்தால் குணமாக வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தழும்பில் வரும்போது நெறிக்குப் பரவுவது சாதாரணமாக வருவதைவிட அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடை இடுக்கில் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

சரி, டாக்டர் விஷயம். தோல் புற்றுநோய் ஸ்பெஷலிஸ்ட் என்று தேடினாயே, அப்படித் தனியாகப் போர்டு போட்டவரை இங்கே தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். இது ஒருவர் செய்யும் வேலையும் இல்லை. முதலில் கண்டுபிடிப்பவர் தோல் டாக்டர், எம்.டி. டி.வி.எல். என்ற தோல் நோய் மேல்படிப்பு படித்தவர். வெட்டி எடுப்பவர் புற்றுநோய் அறுவை மருத்துவர், எம்.சி.எச். என்ற அறுவை மருத்துவ மேல்படிப்பு படித்தவர். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுபவர் பிளாஸ்டிக் சர்ஜன். வெட்டுவதற்கு முன்னால், துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் சரியாகச் சொல்லவில்லை என்றால் மற்றவர்கள் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கோயம்புத்தூரில் நாங்கள் பார்த்த அறுவை மருத்துவர் அவசரப்படவில்லை. நான் நோட்டில் எழுதிப்போன எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். புண்ணைச் சுற்றி நல்ல தோலையும் 2 சென்டிமீட்டராவது சேர்த்து எடுக்க வேண்டும், எடுத்த பிறகு ஓரங்களில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று பரிசோதிப்போம், இருந்தால் மறுபடி எடுக்க வேண்டி வரும் என்றார். காலையே எடுக்க வேண்டி வருமா என்று கேட்டேன். எலும்பைத் தொடவில்லை என்றால் வேண்டாம் என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அப்பா அவ்வளவு நாளும் பேசாமல் இருந்தார் என்று நினைக்கிறேன். திரும்பி வரும் வழியில் மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றபோது அவராகவே டீ கேட்டார்.

இந்த நோய்க்கு ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும், திரும்ப வருகிறதா என்று பார்ப்பதற்கு. ஒவ்வொரு முறையும் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய் ரூம் போட்டுத் தங்குவது அப்பாவால் ஆகாது. பாதியில் விட்டுவிடுவார், எனக்கு அவரைத் தெரியும். கோயம்புத்தூர் என்றால் காலையில் இறங்கி ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

உனக்கு மனசு ஆறவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பயாப்சித் துணுக்கை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். அந்தக் கட்டியையும் கண்ணாடி ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கி, வேறு பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் உன் பட்டியலில் முதலில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கியது, எனக்கும் அந்த இடத்தின் மேல் மரியாதை உண்டு. உன் சித்தப்பா அடுத்த வாரம் சென்னை போகிறார், அங்கே கேட்டுப் பார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அப்பா அலைய வேண்டாம்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கான காகிதம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பணம் அனுப்பாதே, தேவைப்பட்டால் கூச்சப்படாமல் கேட்பேன்.

உன்னிடம் கேட்பது வேறு. தோல் ஒட்டிய பிறகு முதல் கட்டை ஐந்து நாள் வாக்கில்தான் பிரிப்பார்களாம். அதற்கு அப்புறமும் காலைத் தூக்கி வைத்தே படுத்திருக்க வேண்டும், அந்தத் தோல் பிடிக்கும்வரை நடக்கக் கூடாது. அவரைக் கட்டிலிலேயே இருக்க வைக்க என்னால் ஆகாது, நீ சொன்னால் கேட்பார். ஆபரேஷன் அன்றைக்கு வந்து வராந்தாவில் உட்காருவதைவிட, வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் இருந்தால் எனக்குப் பெரிய உதவி. எம்.ஆர்.ஐ. ரிசல்ட் வந்ததும் தேதி சொல்வார்கள், உடனே கூப்பிடுகிறேன். அதுவரை டிக்கெட் போடாதே.

அன்புடன்,
அம்மா