காலையில் நான் ஏன் பாடவில்லை

அன்புள்ள சுதா,

ஹூப்ளி போய்ச் சேர்ந்ததும் போனில் ஒன்று கேட்டாயே, அதற்கு அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "நான் இருந்த நாள் பூரா காலையில நீ பாடவே இல்லையேம்மா, நம்ம சங்கீதத்தை விட்டுட்டேன்னு கோபமா?" என்றாய். போனில் அழுதுவிடுவேன் என்றுதான் பேச்சை மாற்றினேன். எழுத்தில் சொல்கிறேன்.

கோபம் துளிகூட இல்லை. நீ ஹிந்துஸ்தானி கற்கப் போயிருக்கிறாய். இப்போதுதான் உனக்கு அங்கே ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்தப் பழக்குகிறார்கள். நான் விடியற்காலையில் எழுந்து நம் தோடி ராகத்தை ஆரம்பித்தால் அதில் 'க' என்ற காந்தார ஸ்வரம் நிற்குமா? அசைந்துகொண்டேதான் இருக்கும். நீ பல் தேய்த்துக்கொண்டே கேட்டாலும் அது தொண்டைக்குள் போய் உட்கார்ந்துவிடும். சின்ன வயதிலிருந்து என்னிடம் கேட்ட பழக்கம் வேறு. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். இது என் சொந்த யோசனை இல்லை. அம்பாபாய் செய்ததைத்தான் செய்தேன்.

அம்பாபாய் யார் என்று நீ இருக்கும் ஊரில் கேட்டால் பெரிய ஹிந்துஸ்தானிப் பாடகி கங்குபாய் ஹங்கலின் அம்மா என்பார்கள். அவர் நம்மைப் போலக் கர்நாடக சங்கீதம் பாடியவர். மகளுக்கு ஹிந்துஸ்தானியில்தான் நாட்டம் என்று தெரிந்ததும், தன் பாட்டு அவள் காதில் விழுந்து பாடத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று பாடுவதையே நிறுத்திவிட்டார். மகளின் படிப்புக்காகத்தான் குடும்பம் 1928-இல் தார்வாடிலிருந்து ஹூப்ளிக்குக் குடிபெயர்ந்தது. மகளுக்குப் பெரிய பேர் வருவதற்கு முன்பே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை எல்லோரும் தியாகம் என்று புகழ்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. வாயில் ஸ்வரத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா இருப்பது எப்படி இருந்திருக்கும்! நான் சில நாள் இருந்ததற்கே நெஞ்சு அடைத்தது.

கங்குபாய் 1913-இல் தார்வாடில் பிறந்தவர். பாட்டே பிழைப்பாக இருந்த தாய்வழிக் குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களை ஊர் எப்படி நடத்தியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ். அம்மா பிறந்த வீட்டுக் கதையும் அதே கதைதான். கங்குபாய் சின்னப் பெண்ணாக இருந்தபோது பக்கத்து வீட்டுத் தோப்பில் மாங்காய் பறித்தாராம். திருடியதைவிட, பாட்டுக்காரி வீட்டுப் பெண் தங்கள் தோப்பில் கால் வைத்ததுதான் அவர்களுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. பிற்காலத்தில் அதே ஆட்கள் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார்கள். 1924-இல் காந்திஜி தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரஸ் மாநாட்டில் வரவேற்புப் பாட்டு பாடிய பிள்ளைகளில் அவரும் ஒருத்தி. காந்திஜியைப் பார்த்த சந்தோஷத்தைவிட, சாதியைச் சொல்லித் தன்னை எச்சில் இலை எடுக்க விட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அந்தக் குழந்தைக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னும் யமன் ராகத்தையே தாண்டவில்லை என்று புலம்பினாய். பேங்கில் உன்னோடு இருக்கும் பெண் வேறு எங்கோ சேர்ந்து அதற்குள் பத்து ராகம் பாடிவிட்டாள் என்றாய். இதைக் கேள். கங்குபாய்க்கு முதலில் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணாச்சார்ய ஹுல்கூர் ஒரே வருஷத்தில் 60 பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டார். அப்புறம் குந்த்கோலில் இருந்த குரு சவாய் கந்தர்வரிடம் போனால், அவர் ஒரே பிடியை, அதாவது ராகத்தின் ஒரு சின்னத் துண்டை, திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி உட்கார்த்திவிட்டார். கருமி காசை எண்ணிச் செலவழிப்பதுபோல ஸ்வரத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது குரு சொல்லிக்கொடுத்த பாடம் என்று கங்குபாயே சொல்லியிருக்கிறார். குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, ஹூப்ளியிலிருந்து குந்த்கோலுக்கு ரயிலேறிப் போய்க் கற்றார். பாடம் முடிய இருட்டிவிட்டால், குரு வீட்டிலேயே தங்கிப் படித்த பையன் ஸ்டேஷன் வரை துணைக்கு வருவான். பின்னாளில் பெரிய ஹிந்துஸ்தானிப் பாடகரான பீம்சேன் ஜோஷிதான் அந்தப் பையன். உனக்கு ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குத் தார்வாட் போய்வருவது அலுப்பாக இருக்கும் நாளில் இதை நினைத்துக்கொள்.

நீ அனுப்பிய, 1930-களில் வந்த கங்குபாயின் இசைத்தட்டுகளைக் கேட்டேன். காந்தாரி ஹங்கல் என்று பேர் போட்டு வந்தவை. மெல்லிய, உச்சிக்கு எளிதாக ஏறும் குரல். அதை முடித்துக் கையோடு அவர் வயதான பிறகு பாடிய மார்வா ராகத்தையும் கேட்டேன். ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. தொண்டையில் கோளாறு வந்து சிகிச்சை செய்த பிறகு குரல் கனத்து, ரேடியோவில் கேட்டால் ஆணா பெண்ணா என்று திகைக்கும்படி ஆகிவிட்டது. பெண் பாடகி என்றால் குயில் மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. அவர் மேடையை விடவில்லை. 1945-க்குப் பிறகு தும்ரி மாதிரியான மெல்லிசைப் பாட்டுகளை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். கீழ் ஷட்ஜமான 'ஸ'வில் ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்வரமாக மேலே ஏறி ராகத்தை விரிக்கும் அந்த விஸ்தாரத்துக்கு அந்தக் கனத்த குரல்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. இளமைக் குரலில் இனிமை இருந்தது. இந்தக் குரலில்தான் ராகம் முழுசாக நிற்கிறது.

இதற்கு நடுவில் குடும்பத்தையும் அவர் பாட்டுதான் தாங்கியது. ஆண் பாடகர் இந்துவானால் பண்டிட், முஸ்லிமானால் உஸ்தாத், பெண்கள் நாங்கள் மட்டும் எப்போதும் பேருக்குப் பின்னால் வெறும் 'பாய்'தானா என்று கேட்டவர் அவர். 1971-இல் பத்ம பூஷண், 2002-இல் பத்ம விபூஷண் எல்லாம் வந்தது. மகள் கிருஷ்ணா பல வருஷம் கூடவே உட்கார்ந்து பாடினார். அந்த மகள் 2004-இல் புற்றுநோயில் போய்விட்டார். தொண்ணூறு வயதைத் தாண்டிய தாய் அதையும் தாங்கிக்கொண்டு, 2006-இல் கடைசியாக ஒருமுறை மேடையேறினார். 2009 ஜூலையில் ஹூப்ளியிலேயே காலமானார். கண்களைத் தானம் செய்திருந்தார்.

கங்குபாயின் குருவுக்குக் குரு அப்துல் கரீம் கான் சாகிப். தியாகராஜர் கீர்த்தனையை இசைத்தட்டில் பாடிக்கொடுத்த ஹிந்துஸ்தானி வித்வான். 1937-இல் மெட்ராசிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில் நெஞ்சு வலி வந்து இறங்கி, பிளாட்பாரத்திலேயே பிரார்த்தனை செய்து, பாடி, உயிர்விட்ட இடம் எது தெரியுமா? நம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன். நீ காலேஜுக்குத் தினம் ரயிலேறிய அதே ஸ்டேஷன். நீ எங்கோ அந்நியமான இடத்துக்குப் போய்விட்டாய் என்று நான் எப்படி நினைப்பேன்?

சரி, இப்போது ஒரு காரியம் செய். நான் பாடுவதை நீ கேட்டால் பாடம் கெடுமா என்று உன் குருவிடமே நேராகக் கேள். கெடாது என்றால் தீபாவளிக்கு நீ வரும்போது தோடியைத் தாராளமாகப் பாடுகிறேன். இன்னும் கொஞ்ச காலம் வேண்டாம் என்றால், நீ குளிக்கப் போகும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிக்கொள்கிறேன். அம்பாபாய் மாதிரி அடியோடு நிறுத்த என்னால் ஆகாது.

ராத்திரி தயிர் சாப்பிடாதே. அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா