பட்டினியெல்லாம் இல்லை

அன்புள்ள கயல்,

"சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று நீ போனில் கேட்டதற்கு, "ஒன்றும் குறையில்லை" என்று அப்பா முடித்துவிட்டார். அவர் அப்படித்தான். விவரமாக நான் எழுதுகிறேன்.

ஜப்பானில், இந்தக் கியோட்டோ நகரில் சைவக்காரருக்கு ஹோட்டல் சரிப்படாது. கண்ணுக்கு மீனே தெரியாது. ஆனால் சூப்பு, நூடுல்ஸ், கீரை, ஏன் ஆம்லெட்டில்கூட 'தாஷி' இருக்கும். பெரும்பாலும் காய்ந்த சூரை மீனில் இறக்கிய சாறு அது. புத்தக் கோயில் சாப்பாட்டில் மீன் கிடையாது, கடற்பாசித் தாஷிதான். ஆனால் அந்த விலை தினமும் கட்டுப்படியாகுமா?

அதனால் சூப்பர் மார்க்கெட்தான் எங்களுக்குச் சமையலறை. வெந்த சோறு 200 கிராம் டப்பாவில் வருகிறது. விடுதி மைக்ரோவேவில் 2 நிமிடம். குழைந்து ஒட்டுகிற அரிசி, தயிர்சாதத்துக்கென்றே விளைந்த மாதிரி. இனிப்பில்லாத தயிரும் 400 கிராம் டப்பாவில் கிடைக்கிறது. தொட்டுக்கொள்ள உமெபோஷி என்று உப்பில் ஊறிய புளிப்புப் பழம். அதிலும் தேன் சேர்த்தது, மீன் தூள் சேர்த்தது என்று வகைகள் உண்டு. அப்பா போன் கேமராவைக் காட்டி லேபிளைப் படித்த பிறகுதான் எதுவும் கூடைக்குள் போகும்.

சாயங்காலம் கடைக்குப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். ஊழியர் ஸ்டிக்கர் கட்டோடு வந்து, மிச்சமிருக்கும் பொட்டலங்களில் முதலில் 20 சதவீதம், நேரமாக ஆக 'ஹங்காகு', அதாவது பாதி விலை, என்று ஒட்டிக்கொண்டே போவார். அதுவரை ஒரு பாட்டியம்மா பக்கத்து அலமாரியில் சோயா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் விழுந்த மறுநொடி கத்தரிக்காய் தெம்புரா, நம்மூர் பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்துப் பொரித்தது, அவர் கூடையில். நானும் அதன்மேல்தான் கண் வைத்திருந்தேன்!

அப்பாவுக்கு ரசீது ஆராய்ச்சி. சாப்பாட்டைக் கட்டி வாங்கிப்போனால் வரி 8 சதவீதம், கடையிலேயே உட்கார்ந்து தின்றால் 10. 2019-லிருந்து இப்படித்தானாம். 1000 யென்னுக்கு 20 யென் மிச்சம் என்று, கட்டி வாங்கியதைச் சாப்பிட என்னை ஆற்றங்கரை வரை நடத்திக் கூட்டிப்போகிறார். கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கும் காசு, ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பைதான் கைகொடுக்கிறது.

நிஷிகி சந்தைக்கும் போனோம். குறுகலான சந்து, கூட்டம். நடந்துகொண்டே தின்னாதீர்கள் என்கிறார்கள், நியாயம்தான்.

உனக்கு என்ன வாங்கி வரட்டும்? அரிசி வறுவல் கேட்டால், இறால் கலக்காததா என்று பார்க்க வேண்டும், சீக்கிரம் சொல்.

அன்புடன்,
அம்மா