குடுவைச் செடியைக் கொஞ்சம் பட்டினி போடுங்கள், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

படம் பார்த்தேன். இலையெல்லாம் கரும்பச்சையாக, தளதளவென்று இருக்கிறது, ஆனால் வாங்கும்போது இலை நுனியில் தொங்கிய, பூச்சி பிடிக்கும் குடுவைகளில் ஒன்றுகூட இல்லை. மண்புழு உரமும் மீன் அமிலமும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, தயவுசெய்து இன்றோடு இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

நம் நாட்டில் இந்த இனம் காட்டில் தானாக வளர்வது மேகாலயா பக்கம்தான். காசி, காரோ மலைகளில் மழை கொட்டிக்கொட்டிச் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போன மண். அதில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுக்கத்தான் இலை நுனியில் குடுவையே வருகிறது. வேரிலேயே சாப்பாடு கிடைத்துவிட்டால் அது எதற்கு மெனக்கெட்டுக் குடுவை செய்யப்போகிறது? போதாக்குறைக்கு உரத்தின் உப்பு வேரையும் அரித்துவிடும். (உங்களிடம் இருப்பது அந்த மலைச்செடி இல்லை, வென்ட்ராட்டா என்ற கலப்பினம். மலைச்செடி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது, காட்டிலிருந்து பிடுங்கி வந்ததாக யாராவது விற்றால் வாங்கவே வாங்காதீர்கள்.)

அடுத்தது தண்ணீர், எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். போர் தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். மழைத் தண்ணீர்தான் முதல் தரம். ஆர்ஓ தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் சில மெஷின்கள் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலந்துவிடும், அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள், 50க்குக் கீழே இருந்தால் நல்லது. தொட்டி எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது.

அப்புறம் இடம். ஹாலில் ஃபேனுக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள், வெளிச்சமும் போதாது, காற்றும் காய்ந்த காற்று. கிழக்குப் பார்த்த பால்கனியில் மற்ற செடிகளுக்கு நடுவே வையுங்கள், காலை வெயில் படட்டும், சித்திரை மதிய வெயில் மட்டும் வேண்டாம். இலை நுனியிலிருந்து நீளும் கம்பியைக் கிட்டப்போய்ப் பாருங்கள், முனையில் பழுப்பு ரோமத்தோடு தட்டையாக ஒரு சின்ன மொட்டு இருக்கும். காற்றில் ஈரம் இல்லையென்றால் அது அப்படியே கருகிவிடும். ஈரம் இருந்தால் மெல்ல உப்பும், மூடி திறக்குமுன்பே உள்ளே திரவம் ஊறியிருக்கும். அந்தத் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். விளிம்பு நனைந்திருக்கும்போது எறும்பு அதில் கால் வைத்தால் வழுக்கி உள்ளே விழும், அந்தத் தீனியே போதும். கறித்துண்டு, சோறு எதுவும் போடவேண்டாம், குடுவை அழுகிவிடும். பழைய குடுவை காய்வது இயற்கை, காய்ந்ததை மட்டும் நறுக்கிவிட்டு இலையை விட்டுவிடுங்கள்.

இப்போதிருக்கும் உரமண்ணை மாற்றியே ஆகவேண்டும். அதற்குப் பதிலாகப் போட, ஸ்பாக்னம் என்ற காய்ந்த பாசியும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளும் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் சித்தப்பாவிடம் சொல்லி மாடியில் மழைத் தண்ணீர் பிடிக்க மூடி போட்ட டிரம் ஒன்று வைத்துவிடுங்கள், ஐப்பசி பிறக்கப்போகிறது.