கூப்பரிலிருந்து தொடங்காதே

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அக்கா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கோலில்லாமல் நடக்கிறாள். அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் பிள்ளைகளுக்கு செல்போன் வரலாறு சொல்லப்போகிறாய் என்றதில் ரொம்பச் சந்தோஷம்.

உன் குறிப்பு 1973 ஏப்ரல் 3-இல் தொடங்குகிறது. நியூயார்க் தெருவில் நின்று மோட்டரோலா கம்பெனியின் மார்ட்டின் கூப்பர் கைச் செல்போனில் முதன்முதலாகப் பேசிய நாள். அதைப் பின்னால் வைத்துக்கொள். கைக்கருவி பாதிக் கதைதான். 1947 டிசம்பரில் அமெரிக்க டெலிபோன் ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸில் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பிலிருந்து ஆரம்பி.

அதற்கு முந்தைய வருஷமே செயின்ட் லூயிஸில் கார் டெலிபோன் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பெரிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான். ஒருவர் ஒரு சேனலில் பேசினால் அவர் முடிக்கும்வரை ஊரில் வேறு யாருக்கும் அது கிடையாது. ரிங் இதைத் தலைகீழாக்கினார். பவரைக் குறை, ஊரை அறுகோணக் கட்டங்களாகப் பிரி, அடுத்த கட்டத்துக்கு வேறு அலைவரிசை, தள்ளியிருக்கும் கட்டத்துக்குப் பழைய அலைவரிசையே மறுபடி.

இதைப் பலகையில் வரைந்து காட்டு: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஏழுக்கும் ஏழு நிறம், ஒரு நிறம் என்றால் ஒரு தொகுதி அலைவரிசைகள். 1983-இல் சிகாகோவில் தொடங்கிய ஆம்ப்ஸ் என்ற செல்போன் சேவையில் ஒரு கம்பெனிக்குப் பேச்சுச் சேனல் 312. ஏழால் வகுத்தால் கட்டத்துக்கு நாற்பத்துச் சொச்சம்தான். ஆனால் அந்த ஏழு நிறமும் ஊர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கட்டத்தைச் சிறிதாக்க ஆக்கப் பேசுகிறவர்கள் கூடுவார்கள். ஒரே நிறம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் பேச்சு நுழையும்.

அப்படியானால் 1947-இல் எழுதியது 1983-இல் நடைமுறைக்கு வர ஏன் 36 வருஷம்? பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். அலைவரிசை ஒதுக்க அமெரிக்க அரசு தாமதித்தது ஒரு காரணம். அதைவிடக் கடினம், ஓடும் காரின் பேச்சு அறாமல் அடுத்த கட்டத்துக்குக் கைமாற்றுவது. அதற்கான ஆமோஸ் ஜோயலின் காப்புரிமை 1972-இல்தான் வந்தது. கம்ப்யூட்டர் வைத்த எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அது நடக்காது. இரண்டு கட்டங்களின் எல்லையில் நிற்கும் போன் இரண்டின் டவருக்கும் மாறி மாறித் தாவும். அதனால் அடுத்த டவரின் சிக்னல் சில டெசிபெல் கூடுதலாக இருந்தால்தான் மாற்றுவார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான். விரிவாகச் சொல்.

மோட்டரோலா முதலில் விற்ற கைச் செல்போனான டைனாடாக் முக்கால் கிலோவுக்கு மேல், விலை 3,995 டாலர், பேச்சு அரைமணி நேரம். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமிடம் பேசிய இந்தியாவின் முதல் செல்போன் பேச்சும் அப்படியே.

2ஜி செல்போன் முறையான ஜிஎஸ்எம்முக்கு வரும்போது செய்துகாட்டு. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பேசுகிறார்கள். ஒருவருக்கு 577 மைக்ரோ வினாடி, பிறகு அமைதி, 4.615 மில்லி வினாடிக்கு ஒருமுறை மறுபடி. அதாவது வினாடிக்கு 217 தடவை போன் விட்டு விட்டு ஒலிபரப்புகிறது. பழைய பட்டன் போனை ஸ்பீக்கர் ஒயரின் மேல் வைத்து அதற்கு யாரையாவது கூப்பிடச் சொன்னால், மணி அடிக்குமுன்பே அந்தத் துடிப்பை ஒயர் பிடித்து ஸ்பீக்கர் டிர்ர் டிர்ர் என்று உறுமும். 2ஜி உள்ள சிம்மாகப் போடு. ஜியோ சிம்மில் வராது. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், ஒயர் நீளமான பழைய ஆம்ப்ளிஃபயரே நல்லது. ஹாலில் சிக்னல் பலமாக இருந்தால் போன் பவரைக் குறைத்துக்கொள்ளும், சத்தமும் குறையும். முதல் நாளே போய்ச் சோதித்துப் பார்.

அன்புடன்,
சீனு