கதிர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வீட்டாரிடமும் சொல்லுங்கள்

மதுரை வட்டாரத்திலிருந்து நோயாளிகளைப் புரோட்டான் சிகிச்சைக்கு அனுப்பும் மருத்துவர்களுக்கும், அங்கே திட்டம் போடும் மருத்துவ இயற்பியலாளர்களுக்கும்,

வணக்கம். திருமங்கலம் பக்கம் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அதனாலேயே ஊரில் யாருக்காவது புற்றுநோய் என்று கரண்டு (கதிர்வீச்சு) வைக்கச் சொல்லிவிட்டால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். 2019இல் சென்னை தரமணியில் புரோட்டான் என்ற அணுத்துகளைக் கட்டியின் மேல் பாய்ச்சும் நாட்டின் முதல் மையம் வந்த பிறகு, அந்தச் சிகிச்சையின் பேச்சும் அடிபடுகிறது. கதிர் எந்தக் கோணத்தில் நுழையப் போகிறது என்பது மட்டும் வீட்டாருக்குத் தெரிவதே இல்லை. அவர்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

எக்ஸ் கதிர் உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். புரோட்டான் நின்றுவிடும், நிற்பதற்குச் சற்று முன்தான் ஆற்றலை அதிகமாகக் கொட்டும். 1946இலேயே ராபர்ட் வில்சன் இதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். சரி, கட்டியிலேயே நின்றுவிடும் என்றால் கோணத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நிற்கும் இடத்தை சிடி ஸ்கேனை வைத்துத்தான் கணக்கிடுகிறீர்கள். அதில் 3 விழுக்காடு பிசகினாலே 10 செ.மீ. ஆழத்தில் 3 மி.மீ. தள்ளிப்போகும். கட்டியை ஒட்டி மூளைத்தண்டு இருந்தால் 3 மி.மீ. சின்ன விஷயமில்லை. அதனால்தான் மூளைத்தண்டைப் பார்த்து நேராக வந்து அதன் வாசலில் நிற்கும் கோணத்தைக் கூடியவரை தவிர்க்கிறீர்கள். ஒரே திசையை நம்பாமல் இரண்டு மூன்றாகப் பிரித்தும் கொடுக்கிறீர்கள். இந்த உழைப்பின் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் திட்டம் போட்ட நாளில் இருந்த உடம்பு, சிகிச்சை நடக்கும் ஆறு வாரமும் அப்படியே இருப்பதில்லை. கதிர் சைனஸ் (மூக்கை ஒட்டிய காற்றறை) வழியாகப் போகிறது என்று வையுங்கள். ஸ்கேன் எடுத்த அன்று காற்று நிறைந்திருந்த 1 செ.மீ. இடத்தில் சளி கட்டிக்கொண்டால், கதிர் ஏறக்குறைய 1 செ.மீ. முன்னாலேயே நின்றுவிடும். கட்டியின் கடைசி ஓரத்துக்குக் கதிரே போய்ச் சேராது. அன்று சளி இருந்து பிறகு வடிந்துவிட்டால் அதே அளவு உள்ளே பாயும், அது இன்னும் மோசம். சாப்பிட முடியாமல் கன்னம் ஒட்டி, தலை அசையாமலிருக்க முகத்தில் மாட்டும் வலை தொளதொளவென்று ஆனாலும் இதே சிக்கல்தான்.

இடையில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறீர்கள். இருந்தாலும் பிள்ளைக்கு மூக்கடைத்திருப்பது முதலில் அம்மாவுக்குத்தானே தெரியும்? சாதாரணச் சளிதானே, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா என்று அவர் இருந்துவிடுவார். காரணம் தெரிந்தால் ஓடிவந்து சொல்வார்.

ஆகவே நான் கேட்பது ஒரு தாள். தமிழில். தலைப்படம் ஒன்று வரைந்து, கதிர் இங்கே நுழைகிறது, இந்த வழியாகப் போகிறது, இதற்கு அப்பால் காக்க வேண்டிய உறுப்பு இது என்று அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். சளி, எடை குறைவது, வலை தளர்வது, இவற்றில் எது வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று கீழே எழுதுங்கள். கூப்பிட வேண்டிய எண்ணும் அதிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிடித்த சளி, திங்கட்கிழமை பிள்ளையை மேஜையில் படுக்கவைக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
திருமங்கலம்