மகளுக்கு: திகதியைத் தாளில் எழுதி வை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிறன். நாங்கள் சுகம். அம்மாவுக்கு மழைக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூடிப்போச்சு. மூண்டு கிழமையாய் உன்ரை சத்தம் இல்லை. வேலை கூடவாக்கும் எண்டு அம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நீ மைக்குக்கு முன்னாலை நிண்ட படத்தை அத்தான் போனிலை காட்டினவர். அதைப்பற்றி நான் ஒண்டும் எழுதேல்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப்பற்றி நீ அனுப்பின வரைவை மூண்டு தரம் வாசிச்சன். என்ரை பிள்ளை எழுதினது எண்டு நெஞ்சு நிறைஞ்சுது. ஆனால் ஒரு இடம் பிழை. அந்தச் சட்டத்தின்ரை 9ஆம் பிரிவின்படி அமைச்சர் போடுற தடுப்புக்காவல் உத்தரவை மூண்டு மூண்டு மாதமாய் நீட்டலாம். முந்தி 18 மாதம் வரை, 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம் வரை. இதை நீ முன்னேற்றம் எண்டு போட்டிருக்கிறாய். வெட்டு. ஆக்களை வருசக்கணக்கிலை விழுங்கிறது 9 இல்லை, 7. நீதவானுக்கு முன்னாலை நிப்பாட்டி, பொலிஸ் அத்தியட்சகர் எழுத்திலை கேட்டால், வழக்கு முடியும்வரை விளக்கமறியல் எண்டு 7 சொல்லுது. நீதவான் மறுக்க இடமில்லை. குற்றப்பத்திரமே தாக்கல் செய்யாத ஆளுக்கு வழக்கு எப்ப தொடங்கிறது, எப்ப முடியிறது?

2022இலை பிணைக்கு ஒரு வாசல் திறந்ததுதான். கைதாகி 12 மாதம் கழிஞ்சும் வழக்கு தொடங்காட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை குடுக்கலாம். 'குடுக்கலாம்', அவ்வளவுதான். அந்த நீதிமன்றம் இருக்கிறது கொழும்பு புதுக்கடையிலை. கிளிநொச்சியிலை கூலிக்குப் போற தாய் ஒவ்வொரு தவணைக்கும் பஸ் காசுக்கு என்ன செய்வா?

16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவேயில்லை. பொலிசுக்குச் சொன்ன குற்ற ஒப்புதல் வழக்குக்கு உதவாது எண்டு சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ரை 25ஆம் பிரிவு சொல்லுது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைத் தலைகீழாக்கிப் போட்டுது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ மேலை உள்ளவருக்கோ சொன்னால் செல்லும், அடிச்சு வாங்கினது எண்டால் அதை உள்ளை இருக்கிறவர்தான் நிரூபிக்க வேணும். ஏன் மாதக்கணக்கிலை வைச்சிருக்கினம் எண்டதுக்கு விடை இதுக்குள்ளைதான் கிடக்கு. சாட்சி தேடத் தேவையில்லை, ஆளை வைச்சிருந்தால் காணும். சிங்கராசாவின்ரை வழக்கைக் கட்டாயம் சேர். 1993இலை பிடிபட்டவர். சிங்களத்திலை தட்டச்சடிச்ச வாக்குமூலத்துக்குக் கீழை பெருவிரல் அடையாளம் வைச்சவர். அந்தத் தாளிலை 50 வருசம் தீர்ப்பாகி, மேன்முறையீட்டிலை 35 ஆனது. 2004இலை ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கேல்லை எண்டு சொல்லியும், 2006இலை எங்கடை உயர் நீதிமன்றம் கேக்கேல்லை. அஹ்னாப் ஜஸீமையும் விடாதே. தமிழிலை கவிதை எழுதினவர். 2020 மே மாதம் கைது, 2021 டிசம்பரிலை பிணை, 2023 டிசம்பரிலை குற்றமற்றவர் எண்டு விடுதலை. இடையிலை போன வருசங்களுக்கு ஆர் பொறுப்பு?

ஆகவே மாதத்தைக் குறை எண்டு கேக்காதே. சாதாரண சட்டத்துக்குத் திரும்பு எண்டு கேள். 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 24 மணித்தியாலத்துக்குள்ளை நீதவானிட்டைக் கொண்டுபோகச் சொல்லுது. அதே வருசம்தான் 48ஆம் இலக்கமாய் இந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, மூண்டு வருசத்துக்கு எண்டு. 1982இலை நிரந்தரமாக்கினவை. பேரிலை மட்டும் இன்னும் 'தற்காலிக ஏற்பாடுகள்'.

இனி எழுதிறது நீங்கள் குடும்பங்களுக்கு அடிக்கப்போற துண்டுப்பிரசுரத்துக்கு. வேறை ஒண்டுக்கும் இல்லை.

ஆளைக் கொண்டுபோகேக்கை பற்றுச்சீட்டு கேக்க வேணும். கொண்டுபோறவரின்ரை பேர், தரம், காரணம், எங்கை கொண்டுபோகினம், திகதி, நேரம். தராட்டில் வாகன இலக்கத்தையும் நேரத்தையும் உடனை எழுது. தாளிலை எழுது, போனிலை இல்லை. போனைத்தான் முதலிலை பறிப்பினம். 48 மணித்தியாலத்துக்குள்ளை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பொலிஸ் அறிவிக்க வேணும், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. வீட்டார் அண்டைக்கே போய் முறைப்பாடு குடுத்து இலக்கம் வாங்க வேணும். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள்ளை ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் கணக்கிலை வராது. ஆனால் விசாரணை நடக்குது எண்டு ஒரு கடிதம் கையிலை வேணும். அது இல்லாமல் போய், பிந்திப்போச்சு எண்டு தள்ளுபடியான மனுக்கள் இருக்கு. ஆள் எங்கையெண்டே தெரியாட்டில், ஆளைக் கொண்டுவந்து நீதிமன்றத்திலை காட்டு எண்டு கேக்கிற ஆட்கொணர்வு மனு போட வேணும். தடுப்பிடத்துக்கு நீதவான் மாதம் ஒருக்கால் வர வேணும். அடிச்சிருந்தால் அண்டைக்கே அவரிட்டைச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிட்டை அனுப்பக் கேக்க வேணும். காயம் ஆறினபிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை. வாசிக்கத் தெரியாத மொழித் தாளிலை கையெழுத்து வைக்கவே கூடாது. திகதி எழுதவேணும். தாளிலை.

வடக்கு வீட்டு அக்காவின்ரை மகனை நீ மறந்திருக்கமாட்டாய். கொண்டுபோன இரவே அக்கா என்னட்டைத்தான் ஓடி வந்தவ. "சத்தம் போடாதேங்கோ, விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம்" எண்டு சொன்னது நான். நாப்பது வருசம் கோட்டடியிலை கோப்புத் தூக்கின எனக்கு ஒரு மாதக் கணக்கு தெரியாததில்லை, பிள்ளை. பயந்தனான். நான் கோப்பைத் திறந்தது 34ஆம் நாள். அவ இண்டைக்கும் வேலியாலை கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி தாறா. இதை அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

உன்னைப் பேசாமல் இரு எண்டு சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுது. பிரிவு இலக்கங்களை இன்னொருக்கால் சரிபார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறதெண்டால் விமான இலக்கத்தையும் இறங்கிற நேரத்தையும் முதலே எழுது. சட்டத்தரணியின்ரை நம்பரை ஒரு தாளிலை எழுதி, கடவுச்சீட்டுக்குள்ளை இல்லை, சட்டைப் பையிலை வை. அம்மா புழுக்கொடியல் எடுத்து வைச்சிருக்கிறா. கட்டுநாயக்காவுக்கு வானிலை நான் வாறன். சட்டத்தரணியும் கூட வாறன் எண்டு சொல்லியிருக்கிறார்.

அப்பா